ராவணா எல்லவா, தியலுமவா, துன்ஹிந்தவா?

நம் டெல்டாவில் காவிரி படுத்துக்கொண்டேதான் ஓடும். அருவி பார்க்க ஆசைப்பட்டால் குற்றாலம் போவோம். திருச்சியில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொழும்பு என்பதால் இலங்கையையும் யோசிக்கலாம். நாகையிலிருந்து கப்பலில் போனால் இறங்குவது காங்கேசன்துறையில். அங்கிருந்து இந்த மூன்று அருவிகளும் இருக்கும் பதுளை மலைக்கு வர தீவின் பெரும்பகுதியைக் கடக்க வேண்டும். அருவிக்காக மட்டும் போகிறவர்களுக்கு விமானமே சரி. கொழும்பிலிருந்து பதுளை ரயில் கிட்டத்தட்ட ஒரு பகலை எடுத்துக்கொள்ளும், ஆனால் தேயிலை மலைகளைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

எல்லோரும் முதலில் கேட்பது ராவணா எல்லதான். பெயர் அப்படி. எல்ல ஊரிலிருந்து வெல்லவாய போகும் சாலையோரத்திலேயே, சுமார் 25 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம். அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டியதில்லை.

தியலும 220 மீட்டர். நடக்கவே முடியாத அப்பா அம்மாவுக்கு இதுதான், சாலையிலிருந்தே முழு அருவியும் தெரியும். இளவட்டங்கள் மேலே ஏறிப்போய்ப் பாறைக் குளங்களைப் பார்க்கலாம், விளிம்புக்கு மட்டும் போகக் கூடாது. பக்கத்திலேயே கொஸ்லந்தை. அந்தப் பக்கத் தோட்டங்களில் பேச்சுக்குத் தமிழ் இருக்கிறது. அந்த மக்களில் பலருடைய பாட்டன் பூட்டன்கள் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து போனவர்கள். ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து பேசாமல் திரும்பாதீர்கள்.

ஆனால் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் என் ஓட்டு துன்ஹிந்தவுக்கு. உயரம் 64 மீட்டர், ஏறக்குறைய பெரிய கோயில் விமானம் அளவு. பதுளை டவுனிலிருந்து பக்கம்தான், அப்புறம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் காட்டுப்பாதையில் நடை. வழியில் முதலில் ஒரு சின்ன அருவி தெரியும். அதைத் தாண்டினால் இரைச்சல் கூடிக்கொண்டே வரும், அருவி கண்ணுக்குத் தெரியாது. கடைசிப் படிகளில் இறங்கும்போதே சட்டை நனைய ஆரம்பிக்கும். மேடையில் நின்றால் சாரல் முகத்தில் அடிக்கும், கண்ணாடி போட்டவர்கள் துடைத்துத் துடைத்துத்தான் பார்க்க வேண்டும். தியலும பிரமிக்க வைக்கும், ஆனால் தூரத்தில் நிற்கும். துன்ஹிந்த மேலேயே வந்து விழுவதுபோல இருக்கும்.

குற்றாலம் மாதிரி தலையைக் கொடுத்து நிற்கலாம் என்று மட்டும் எங்கேயும் நினைக்காதீர்கள். வாய்க்காலில் நீந்திப் பழகிய கால்களுக்கு அந்த வழுக்குப் பாறை பிடிபடாது.

எப்போது போகலாம்? ஆடிப்பெருக்குக்கு இங்கே தண்ணீர் புரளும்போது அந்த மலைப்பக்கம் காய்ந்திருக்கும், தியலும மெலிந்துபோகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் சரியும். 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத்து லயன்களே (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) புதைந்துபோயின. சம்பா அறுப்பு முடிந்த கையோடு, மாசியில் கிளம்புங்கள். மழை விட்டிருக்கும், அருவியிலும் தண்ணீர் இருக்கும்.