டார்கெட்டா, கால் கணக்கா, மருந்தறிவா: மெடிக்கல் ரெப்பை எதை வைத்து எடை போடுவது?

பன்னாட்டு மருந்து கம்பெனிகள் ரெப்பின் திறமையை மூன்று விதமாக அளக்கின்றன: எத்தனை டாக்டரைப் பார்த்தார் (ஒவ்வொரு சந்திப்பும் ஒரு ‘கால்’), எவ்வளவு விற்றார், மருந்தைப் பற்றி என்ன தெரிந்து வைத்திருக்கிறார்.

கால் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ரிப்போர்ட் எழுதுவதே ரெப்தான். ராத்திரி ஒன்பது மணி வரை கிளினிக் வாசலில் நின்று, கடைசி பேஷன்ட் போனதும் அரை நிமிடம் தலையைக் காட்டிவிட்டு வந்தாலும் ஒரு கால், உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினாலும் ஒரு கால். ஜிபிஎஸ் வைத்தால் ஆள் அங்கே போனது தெரியும், பேசியது தெரியாது.

விற்பனை டார்கெட் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் எந்த டாக்டர் எந்த மருந்தை எவ்வளவு எழுதுகிறார் என்ற விவரமே கம்பெனிக்கு விலைக்குக் கிடைக்கும். டாக்டர் அனுமதி இல்லாமல் அதை மார்க்கெட்டிங்குக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற வெர்மான்ட் மாநிலச் சட்டத்தை 2011இல் அங்கே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இங்கே இந்தியாவில் ரெப் மெடிக்கல் ஷாப் கவுண்டரில் கூட்டம் குறையும் வரை நின்று, "அண்ணே, நம்ம மாத்திரை இந்த வாரம் எத்தனை ஸ்ட்ரிப் போச்சு?" என்று கேட்க வேண்டும். அதுதான் சர்வே! மற்றதெல்லாம் ஸ்டாக்கிஸ்ட், அதாவது கடைகளுக்குச் சப்ளை செய்யும் மொத்த வியாபாரி, தரும் கணக்கு. அதிலும் பிரைமரியை, அதாவது ஸ்டாக்கிஸ்டுக்கு ஏற்றிய சரக்கை டார்கெட்டாக வைத்தால், மார்ச் கடைசி வாரத்தில் அவர் தலையில் கட்டிவிட்டு இன்சென்டிவ் வாங்கிக்கொள்ளலாம், ஏப்ரலில் ஆர்டரே வராது. ஸ்டாக்கிஸ்டிடமிருந்து கடைக்குப் போகும் செகண்டரி எவ்வளவோ மேல்.

மூன்றாவது வழியைத் துணிந்து செய்து பார்த்தது பிரிட்டிஷ் மருந்து கம்பெனி ஜிஎஸ்கே. அமெரிக்காவில் அனுமதியில்லாத உபயோகங்களுக்கு மருந்தை விளம்பரப்படுத்தியது உள்ளிட்ட வழக்குகளில் 2012இல் 3 பில்லியன் டாலர் கட்டியது. அடுத்த வருடமே சீனாவில் லஞ்சப் புகார், 2014இல் அங்கே 3 பில்லியன் யுவான் அபராதம். அமெரிக்காவில் ஏற்கெனவே நிறுத்தியிருந்த தனிநபர் டார்கெட்டை உலகம் முழுக்கவே எடுத்துவிடுவதாக 2013 டிசம்பரில் அறிவித்தது. மருந்தறிவு, டாக்டருக்குத் தரும் சேவை, தொழிலின் மொத்தச் செயல்பாடு, இவற்றுக்குத்தான் போனஸ். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் போட்டிக் கம்பெனிகள் டார்கெட்டை விடவில்லையே, நன்றாக விற்கிற ரெப் எங்கே போவார்? 2019இல் சில நாடுகளில் ஸ்பெஷாலிட்டி மருந்து, அதாவது சிறப்பு மருத்துவர்கள் எழுதும் மருந்து, விற்கும் ரெப்களுக்குத் தனி டார்கெட் திரும்ப வந்தது.

இதில் எனக்குக் கோபம் வருவது, தரவு இருக்கிற ஊருக்கும் இல்லாத ஊருக்கும் ஹெட் ஆபீஸ் ஒரே டாஷ்போர்டை அனுப்பும்போதுதான். இந்தியாவுக்கு என்றால் என் ஓட்டு செகண்டரிக்கு, அதுவும் மூன்று மாதச் சராசரியாக, தனி ஆளுக்கு இல்லாமல் டீமுக்கு. முதல் வருட ரெப்புக்கு மட்டும் மருந்தறிவை மேனேஜர் ஜாயின்ட் வொர்க்காக, ரெப்போடு சேர்ந்து டாக்டர்களைப் பார்க்கப் போகும்போது நேரில் கேட்டு மார்க் போடட்டும். கால் கணக்கு பயணப்படி பில்லைச் சரிபார்க்க இருக்கட்டும், இன்சென்டிவ் பக்கம் வரவே வேண்டாம்.