"ஃப்ரீ வாட்டர் டெஸ்ட்" என்று கதவைத் தட்டினால் உள்ளே விடாதீர்கள்: 16,500 ரூபாய் போச்சு

16,500 ரூபாய். இலவசமாகத் தண்ணீர் டெஸ்ட் செய்து தருகிறோம் என்று வீடு தேடி வந்து ஆர்ஓ மெஷினைத் தலையில் கட்டிவிட்டுப் போன ஒரு கும்பலிடம் நாங்கள் இழந்த பணம். தென்சென்னைப் புறநகரில், மெட்ரோ வாட்டர் குழாய் இன்னும் வராமல் போர் தண்ணீரிலும் லாரியிலும் காலம் தள்ளுகிற எங்கள் தெருக்களில்தான் சுற்றுகிறார்கள். வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த டெஸ்ட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் உங்கள் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி, பிளக்கில் செருகுவார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது, உங்கள் தண்ணீர் பழுப்பாகி, பச்சை கலந்த கசடு மிதக்கும். அவர்கள் தண்ணீர் பளிச்சென்று அப்படியே நிற்கும். "பாருங்கம்மா, இதைத்தான் தினமும் குழந்தைக்குக் குடுக்குறீங்க." இந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாரும் விழுகிறார்கள். எந்தத் தாய்க்குத்தான் மனசு தாங்கும்?

அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததே இல்லை. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாகப் பிரியும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் நிறம் மாறாது. அவர்களுடைய ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டால் அதுவும் அதே பழுப்பாகிவிடும்.

அடுத்தது டிடிஎஸ் மீட்டர். எங்கள் போரில் 1,380, அவர்கள் டம்ளரில் 40. அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பின் அளவை மட்டும்தான் காட்டும். கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 டிடிஎஸ் 500 வரை ஏற்கிறது, வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. ஆனால் மலக் கழிவு கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை என்ற கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது. செப்டிக் டேங்குக்குப் பக்கத்திலேயே போர் போட்டிருக்கும் தெருவில் பயப்பட வேண்டியது எதற்கு என்று நீங்களே பாருங்கள்.

இதெல்லாம் தெரியாமல் நாங்களும் வாங்கினோம். மெஷின் மாட்டிய அன்று மீட்டர் 85 காட்டியது. சில வாரத்தில் தண்ணீர் நூலாக வர ஆரம்பித்தது. டெக்னீஷியன் வந்து ஒரு திருகைத் திருப்பினார், நன்றாகக் கொட்டியது. மீட்டர் வைத்தால் 720.

வேறு மெக்கானிக்கை வைத்துப் பிரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. உப்பை வடிகட்டும் சவ்வுதான் மெம்பிரேன். 75 ஜிபிடி (ஒரு நாளைக்கு 75 கேலன்) மெம்பிரேனுக்குப் பொதுவாகப் போடுவது எஃப்ஆர் (ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர்) 450, அதாவது நிமிடத்துக்கு 450 மில்லி கழிவுநீரை வெளியே விடும் குழாய். இவர்கள் "எங்க மெஷின்ல வேஸ்ட் தண்ணி கம்மி" என்று பெருமையடித்து மாட்டியிருந்தது எஃப்ஆர் 200. கழிவு குறைந்தால் உப்பு உள்ளேயே அடர்த்தியாகும். எங்கள் மாதிரி கடினத் தண்ணீரில் சுண்ணாம்பு படிந்து மெம்பிரேன் அடைத்துப் போகும், போனது. டெக்னீஷியன் திருப்பியது டிடிஎஸ் அட்ஜஸ்டர். மெம்பிரேனைத் தொடாமலே போர் தண்ணீரைச் சுத்தமான தண்ணீரோடு கலக்கும் வழி அது. சரி, யூவி விளக்காவது கிருமியைக் கொல்லும் என்று பார்த்தால், விளக்கின் வயரை அடாப்டரில் செருகவே இல்லை! முன்பக்கம் நீலமாக எரிந்தது வெறும் எல்இடி. 16,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போர் தண்ணீரையே குடிக்க வைத்திருக்கிறார்கள்.

போன் செய்தால், "சம்மர்ல டிடிஎஸ் ஏறத்தான் செய்யும் மேடம்." மறுபடி செய்தால், "மெம்பிரேன் கன்ஸ்யூமபிள், வாரண்டில வராது." அதற்கப்புறம், "ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) 4,500 கட்டுங்க, ஆளை அனுப்புறோம்." இப்போது எடுப்பதே இல்லை. கொடுத்த பில்லில் ஜிஎஸ்டி எண் கிடையாது, பணம் போனது யாரோ ஒருவரின் சொந்த யூபிஐ கணக்குக்கு. 16,500 ரூபாய்க்கு யாரைப் பிடிப்பது?

சொன்னபடி, சுருக்கமாக:

வாசலில் கம்பி டெஸ்ட் காட்டினால் உடனே அனுப்பிவிடுங்கள். டிடிஎஸ் 500க்குக் கீழே இருந்தால் உப்புக்காக ஆர்ஓ தேவையில்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிக்கலாம். கிருமி டெஸ்ட்டுக்குக் கிருமி நீக்கிய பாட்டிலை அங்கேயே கேட்டு வாங்கி, ஐஸில் வைத்து அன்றே கொடுங்கள். மெம்பிரேன் பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். யூவி வயரைப் பாருங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.