தென்னந்தோப்புக்கு ஹோண்டா ஜிஎக்ஸ்35 பிரஷ் கட்டர்: வாங்கலாம், ஆயிலைப் பார்ப்பவராக இருந்தால்

தோப்பிலும் வரப்பிலும் புல் வெட்ட பெட்ரோல் மெஷின் வாங்கும்போது வருகிற முதல் கேள்வி, 2 ஸ்ட்ரோக்கா 4 ஸ்ட்ரோக்கா என்பதுதான். ஜிஎக்ஸ்35 இன்ஜின் 4 ஸ்ட்ரோக், 35.8 சிசி, ஏறக்குறைய 1.3 குதிரைத்திறன். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியதில்லை. புகை குறைவு, பெட்ரோலும் கம்மியாகத்தான் குடிக்கும். எடைதான் குறை. மதியத்துக்கு மேல் தோள்பட்டை சொல்லிவிடும்.

இந்த இன்ஜினின் ஆயுள் ஆயிலில் இருக்கிறது. உள்ளே பிடிப்பதே 100 மில்லி, ஒரு டீ கிளாஸ் அளவு. அது குறைந்தால் காட்டிக்கொடுக்க விளக்கு எதுவும் இல்லை. அதனால் தினமும் ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினைச் சமமாக வைத்து மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் வாயின் விளிம்பு வரை நிற்க வேண்டும். 10டபிள்யூ-30 ஆயில் போதும். புது மெஷினில் முதல் 10 மணி நேரத்தில் மாற்றிவிட்டு, அப்புறம் 50 மணி நேரம் அல்லது 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம். கீழே டிரெயின் போல்ட் கிடையாது. இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது சாய்த்து, ஊற்றிய வாய் வழியாகவே வடிக்க வேண்டும். நல்லதுதானே என்று கூடுதலாக ஊற்றினால் ஆயில் ஏர் பில்டருக்கு ஏறி, வெள்ளைப் புகை தள்ளும். பழக்கத்தில் பெட்ரோலில் 2டி ஆயில் (2 ஸ்ட்ரோக் இன்ஜினுக்கானது) கலந்துவிடுபவர்களும் உண்டு. பிளக் கரி பிடித்து நின்றுவிடும்.

ஸ்டார்ட் ஆகவில்லையா? பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம்: பிளக்கைத் துடைத்து வையுங்கள், சோக்கைத் திறந்துவிட்டு, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டர் கயிற்றை ஐந்தாறு முறை இழுத்த பிறகு மாட்டுங்கள். பிளக் முனைகளின் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை என்று அர்த்தம். பெட்ரோலை ஏற்றும் ரப்பர் குமிழான பிரைமர் பல்பை அமுக்கும்போது டேங்குக்குத் திரும்பும் டியூபில் பெட்ரோல் ஓடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெறும் குமிழி மட்டும் வந்தால் டியூபில் வெடிப்பு, அல்லது டேங்க் பில்டரில் அடைப்பு. இரண்டு நிமிடம் ஓடி அணைந்தால் டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது.

கையேடு பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதிக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பதோ 20 சதவீதம். ஈரத்தை இழுக்கும், ரப்பர் டியூபையும் கார்புரேட்டரின் மெல்லிய சவ்வான டயாபிரத்தையும் கெடுக்கும். இரண்டு வாரம் சும்மா நிற்கப்போகிறது என்றால் டேங்கை வடித்து, தானாக அணையும் வரை ஓடவிடுங்கள்.

பலரும் செய்யும் பெரிய தவறு, வெட்டும் தலைக்குப் பக்கத்திலுள்ள பாதுகாப்புத் தடுப்பான கார்டைக் கழற்றி வீசுவது. காலைக் கல்லிலிருந்து காப்பது போக, புல்லை வெட்டும் நைலான் கயிற்றை அளவாக அறுக்கும் சின்னக் கத்தி அதில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் கயிறு நீண்டு, இன்ஜின் இழுக்க முடியாமல் திணறும், கிளட்ச் வழுக்கிச் சூடாகித் தேயும். கிளட்ச் போய்விட்டது என்று கடைக்கு வரும் மெஷினில் முதலில் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

வெயிலில் காய்ந்த நைலான் மொறமொறவென உடையும். முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டால் மறுநாள் வளைந்து கொடுக்கும். நைலான் கயிறு சுற்றிய தலையைக் கழற்றும்போது மரை இடதுபக்கம் என்பது நினைவிருக்கட்டும், கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். கியர் பெட்டிக்கு 25 மணி நேரத்துக்கு ஒருமுறை லித்தியம் கிரீஸ் வையுங்கள்.

சொட்டுநீர்க் குழாய் போட்ட தோப்பில் குழாயை ஒட்டி ஒரு சாண் விட்டு வெட்டுங்கள், மீதியைக் கையால் பிடுங்குங்கள். எலுமிச்சைக் கன்றின் அடிப்பட்டையைக் கயிறு சுற்றிலும் உரித்துவிட்டால் கன்று பிழைக்காது.