கட்டலினா கிட்: உடலை மூடுமுன் உள்ளே பாருங்கள்

பிபிஒய்-5ஏ கட்டலினா, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை ஓட்டிய, தண்ணீரிலும் தரையிலும் இறங்கும் பறக்கும் படகு. அதை 72-இல் ஒரு பங்கு அளவில் ஒட்டிச் செய்யும் இந்த பிளாஸ்டிக் மாதிரி கிட்டை நம்பி வாங்கலாம். ஒரே நிபந்தனை: உடலின் இரு பாதிகளையும் ஒட்டி மூடுவதற்கு முன்னால் மூன்று நான்கு சாயங்காலம் உள்வேலைக்கு ஒதுக்க வேண்டும். வெளிவடிவம் சரியாக இருக்கிறது. நிஜ விமானத்தின் இறக்கை 31.7 மீட்டர், கிட்டில் 44 செ.மீ. நீளம் 27 செ.மீ. தண்ணீரிலிருந்து எழும்ப உதவும் அடிப்படகின் படிக்கட்டு வெட்டும் கூர்மையாக விழுந்திருக்கிறது.

குறை உள்ளேதான். பசிபிக்கில் ஒரு ரோந்து பன்னிரண்டு, பதினைந்து மணி நேரம் நீளும். வேகமோ மணிக்கு இருநூறு கிலோமீட்டர் சுமார்தான். ஏழிலிருந்து ஒன்பது பேர் அதற்குள்ளேயே சமைத்து, முறை மாற்றித் தூங்கி, கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்ன மின்சார அடுப்பு, மடக்குப் படுக்கைகள், அறைக்கு அறை தண்ணீர் புகாத கதவு என்று அது ஒரு வீடு. கிட்டில் விமானி அறையும் வால்பக்கத் துப்பாக்கிகளும் வருகின்றன. நடுவே வெறும் குழாய்.

படுக்கை செய்வது எளிது. ஆறடிப் படுக்கை இந்த அளவில் இரண்டரை செ.மீ. வீட்டு வயரிங் செம்புக் கம்பி ஒரு இழையை நீள்சதுரமாக வளைத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்த டிஷ்யூ பேப்பரைப் போர்த்திக் காயவிடுங்கள். காய்ந்ததும் கான்வாஸ் மாதிரியே தொய்ந்து நிற்கும்.

அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம், இறக்கையைத் தாங்கும் நடுத்தூண். எஞ்சின் மெக்கானிக் உட்கார்ந்தது அதற்குள். இருபுறமும் சின்ன ஜன்னல், எதிரே எஞ்சின் மீட்டர்கள். விமானி சுவிட்சைத் தட்டினால் இவர் முன்னால் விளக்கு எரியும், அதைப் பார்த்து இறக்கை நுனி மிதவைகளை ஏற்றுவார், இறக்குவார். கிட்டில் தூண் காலி. அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் ஒரு இருக்கையும் பேனலும் வெட்டி உள்ளே நிறுத்தினால் போதும். ஜன்னல் வழியே நிழலாகத் தெரியும்.

சக்கரத்தில் நிறுத்துவதென்றால் மூக்கில் எடை கட்டாயம். இல்லாவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். தூத்துக்குடித் தூண்டில் கடைகளில் கிடைக்கும் ஈயக் குண்டு இதற்கு நல்லது. பாகங்களை டேப்பால் கட்டி, முதன்மைச் சக்கர இடத்தில் பென்சில் மேல் நிறுத்தி, மூக்கு சாயும்வரை குண்டு சேருங்கள். பெயின்டும் பசையும் பின்னால் எடை கூட்டும் என்பதால் இன்னும் இரண்டு குண்டு அதிகம் போடுங்கள். ஒட்டுவதற்கு எம்-சீல்.

இறக்கையின் பின்பாதி நிஜத்தில் துணி போர்த்தியது. கிட்டில் அதன் விலா எலும்புகள் பட்டினி கிடந்த மாடு மாதிரி புடைத்திருக்கின்றன. 800 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து, மேடு கைக்குத் தட்டுப்படாத அளவுக்குத் தேய்க்க வேண்டும். தாங்கு கம்பிகள் பக்கத்துக்கு இரண்டு. இறக்கையைத் தூணில் வைத்துப் பசை இளகலாக இருக்கும்போதே கம்பிகளைச் சொருகி, இரு நுனிகளும் மேசையிலிருந்து ஒரே உயரமா என்று ஸ்கேலால் அளந்து, ராத்திரி முழுக்க அசைக்காமல் விடுங்கள்.

பெயின்ட் விஷயத்தில் திருநெல்வேலி வெயிலை மறக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் அக்ரிலிக் ஏர்பிரஷ் முனையிலேயே காய்ந்து, சொரசொரப்பாக விழும். விடியற்காலையில் அடியுங்கள், காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் இரண்டு சொட்டு சேருங்கள். காய வைக்க மொட்டை மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள், மெல்லிய இறக்கை வளையும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் பால்போல் வெளுக்கும். விமானத்துக்குக் கறுப்பு அடித்திருந்தால் அதை மறைக்க வழியே இல்லை.

கறுப்பு என்றதும் சுத்தக் கறுப்பை எடுக்க வேண்டாம். 1942 டிசம்பரில் பசிபிக் தீவான குவாடல்கனாலிலிருந்து இரவில் பறக்கத் தொடங்கிய ‘கறுப்புப் பூனை’ கட்டலினாக்கள் உப்பிலும் வெயிலிலும் சீக்கிரம் வெளிறின. ஐந்து பங்கு கறுப்புக்கு ஒரு பங்கு சாம்பல் சரியாக இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்களான டீக்காலில் ஒரு கவனம்: 1942-ஐச் செய்கிறவர்கள் அமெரிக்க நட்சத்திரச் சின்னத்தின் இருபக்கப் பட்டையை வெட்டி எறியுங்கள், அது 1943 நடுவில்தான் வந்தது. மேட் பரப்பில் நேராக ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி மாதிரி மின்னும். முதலில் பளபள வார்னிஷ், பிறகு டீக்கால். ஊறவைக்கக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர் கறை விடாது.

கடைசியாக, பக்கவாட்டுக் கண்ணாடிக் குமிழ்கள். இவற்றில் சூப்பர் குளூ பட்டாலே புகை படிந்து கண் பொரை விழுந்ததுபோல் ஆகும். பனை ஈர்க்கு நுனியில் ஃபெவிகால் தொட்டு ஒட்டுங்கள், வெள்ளை மறைந்துவிடும். எங்கள் பரிந்துரை, திறந்த நிலையில் ஒட்டுவது. கடலில் தத்தளித்தவர்களை இழுத்து ஏற்றியது இந்த வாசல் வழியாகத்தான். 1945 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, மூழ்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் இண்டியானாபொலிஸின் ஆட்களுக்காக ஏட்ரியன் மார்க்ஸ் என்ற விமானி தன் கட்டலினாவைத் திறந்த கடலில் இறக்கினார். 56 பேரை மீட்டார். உள்ளே இடம் போதாமல் பலரை இறக்கை மேல் பாராசூட் கயிற்றால் கட்டிவைத்தார்கள். மோதி இறங்கியதில் ரிவெட் தெறித்த ஓட்டைகளில் பென்சிலைச் சொருகித் தண்ணீரை அடைத்தார்கள். அந்த விமானம் திரும்ப எழும்பவில்லை.

அந்தக் காட்சியைச் செய்ய விரும்பினால் சக்கரம், மூக்கு எடை எதுவும் வேண்டாம். மிதவைகளைக் கீழே இறக்கி ஒட்டி, இறக்கையின் துணிப் பகுதியில் பிளேடால் இரண்டு மூன்று கிழிசல் கீறுங்கள். கயிற்றுக்குத் தையல் நூலில் மெழுகு தடவிக்கொண்டால் பிசிறு நிற்காது.