அறுப்பு வண்டி எச்.எஸ்.டி. ஒழுகல்: கம்பெனி சீல், வெளி சீல், பாட்டில் மருந்து – எதுக்குக் காசு கொடுக்கலாம்?

கோபி பக்கத்துத் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் நெல் அறுப்பு தொடங்கிவிட்டால், டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் அறுப்பு வண்டிக்கு ராத்திரி பகல் கிடையாது. எச்.எஸ்.டி. (ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன், எண்ணெய் அழுத்தத்தால் வண்டியை நகர்த்தும் பம்ப்-மோட்டார் தொகுதி) அடியில் எண்ணெய் சொட்டுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். சொட்டைப் பார்த்ததும் வரும் பதில், "சீல் போயிருச்சுங்க, மாத்திரலாம்". மாற்றுவதற்குக் கடையில் மூன்று சரக்கு இருக்கிறது: கம்பெனி சீல் கிட், பேரிங் கடையில் அளவு சொல்லி வாங்கும் வெளி சீல், எண்ணெயோடு ஊற்றுகிற ஒழுகல் நிறுத்தும் பாட்டில். பாட்டில் வேண்டவே வேண்டாம். வெளி சீல் பல இடத்துக்குத் தாராளமாகப் போதும். கம்பெனி சீல் ஒரு இடத்துக்குக் கட்டாயம்.

பாட்டிலை முதலில் முடித்துவிடலாம். அதில் இருப்பது ரப்பரை ஊதவைக்கும் சரக்கு. வெயிலிலும் சூட்டிலும் இறுகிப்போன சீல் உதடு (ஷாஃப்ட்டைக் கவ்வி நிற்கும் ரப்பர் ஓரம்) கொஞ்ச நாளைக்கு இளகும், சொட்டு குறையும். கிழிந்த உதட்டுக்கும் பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. எச்.எஸ்.டி.க்குள் பிஸ்டன், ஸ்வாஷ் பிளேட், வால்வு பிளேட் எல்லாம் மைக்ரான் இடைவெளியில், அந்த எண்ணெயின் படலத்தை நம்பித்தான் ஓடுகின்றன. அதில் கண்டதைக் கலக்கக் கூடாது. நல்லாயிருக்கும் ஓ-ரிங்குகளும் சேர்ந்து ஊதும்.

சீல் வாங்கப் போகும் முன் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். எண்ணெய் சொட்டும் இடமும் கிளம்பும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். புல்லி மேல் ஃபேன் இருக்கும் வண்டியில் ஒரு துளி எண்ணெயை அது கேஸ் (எச்.எஸ்.டி.யின் வெளிக்கூடு) முழுக்க அடித்துப் பரப்பிவிடும். டீசல் போட்டுக் கழுவி, காற்றடித்து, நன்றாகக் காயவிட்டு டால்கம் பவுடரைத் தூவுங்கள். லீவரை நியூட்ரலில் வைத்து எஞ்சினை ஐடிலில் பத்து நிமிடம் ஓட்டினால், பவுடர் முதலில் நனையும் இடம்தான் ஆள். நியூட்ரலிலேயே நனைந்தால் கேஸ் பக்கம், அதாவது ஷாஃப்ட் சீல், கவர் ஜாயின்ட், ஃபில்டர் ரப்பர், சார்ஜ் லைன் (பம்ப்புக்குக் குறைந்த அழுத்தத்தில் எண்ணெய் ஊட்டும் குழாய்). லோடு ஏறினால் மட்டும் நனைந்தால் ஹை பிரஷர் பக்கத்துப் பிளக், ஓ-ரிங். ஹோஸில் ஊசித்துளை சந்தேகம் இருந்தால் அட்டையைக் காட்டித் தேடுங்கள், விரல் வைக்காதீர்கள். அந்தப் பீச்சல் தோலுக்குள் எண்ணெயை ஏற்றிவிடும், பிறகு ஆஸ்பத்திரிதான்.

எச்.எஸ்.டி.க்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனி எண்ணெய் உள்ள வண்டியில் கீழே ஒரு சொட்டும் விழாமல் அளவு குறையும். அப்போது கியர்பாக்ஸ் அளவைப் பாருங்கள். அது ஏறியிருந்தால் நடுவில் உள்ள சீல் உள்ளுக்குள்ளேயே விடுகிறது.

அடுத்தது, பலரும் பார்க்காமல் விடும் பிரீதர், அதாவது கேஸ் மூச்சு விடுகிற காற்றுத் துவாரம். சாதாரண ஆயில் சீல் தாங்கும் அழுத்தம் சுமார் 0.3 பார்தான், அதாவது ஒரு கிலோவில் மூன்றில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. நெல் பதரும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து பிரீதர் துவாரத்தை அடைத்துவிட்டால், சூடேறி விரிகிற எண்ணெய்க்கும் காற்றுக்கும் போக வழியில்லை. சீல் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். டிப் ஸ்டிக் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினாலும், கேஸில் சேரும் எண்ணெயைத் திருப்பி அனுப்பும் கேஸ் டிரெய்ன் ஹோஸ் மடங்கியிருந்தாலும் இதே கதை. பிரீதரைக் கழற்றி, பதர் விழாதபடி சுத்தத் துணியால் லேசாக மூடி, வண்டியை நிற்கவைத்து ஓட்டிப் பாருங்கள். ஒழுகல் குறைந்தால் பெட்ரோலில் கழுவி மாட்டினால் போதும். சீல் செலவே இல்லாமல் தீர்கிற ஒழுகல் நிறைய உண்டு.

இனி சீல். வெளி சீலில் 35×52×7 என்கிற மாதிரி எழுதியிருக்கும்: ஷாஃப்ட் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மி.மீ. டி.சி. என்று அடித்திருந்தால் எண்ணெய்க்கு ஒரு உதடு, தூசிக்கு ஒரு உதடு. ஓடும் பெல்ட்டைச் சுற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் பக்கத்து ஆக்ஸிலுக்கு இது போதும். அங்கே எதிரி அழுத்தம் இல்லை. சேறும் ஷாஃப்ட்டில் சுற்றிய வைக்கோலும்தான். இரண்டு உதட்டுக்கும் நடுவில் கிரீஸ் வைத்து மாட்டுங்கள். சாதா கறுப்பு ரப்பர் 100 டிகிரி வரை தாங்கும். விட்டான் என்கிற சூடு தாங்கும் ரப்பர் 200 வரை. சூடு அதிகம் படும் இடத்துக்கு விட்டான் கேளுங்கள், விலை வித்தியாசம் வீண் போகாது. பழுப்பு நிறம் என்பதற்காக மட்டும் விட்டான் என்று நம்பாதீர்கள். சீலிலோ கவரிலோ எழுதியிருக்க வேண்டும்.

எஞ்சின் சுற்றை உள்வாங்கும் பம்ப் இன்புட் ஷாஃப்ட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. பல பம்ப்புகளில் அங்கே இருப்பது அழுத்தம் தாங்கும் வகை சீல். அளவு மி.மீ. பிசகாமல் ஒத்திருக்கும், ஆனால் பழையதையும் வெளி சீலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்: பழையதன் உதடு குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும், வெளி சீல் உதடு நீளமாக வளைந்து கொடுக்கும். மாட்டினால் முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும், சூடேறி வேலை நடக்கும்போது உதடு மடங்கிவிடும். இங்கே பார்ட் நம்பர் சொல்லிக் கம்பெனி சீலே வாங்குங்கள். கிட் முழுக்க வாங்க வேண்டியதில்லை, பல டீலர்கள் தனிச் சீல் தருவார்கள். கேட்காமல் தர மாட்டார்கள், அது வேறு விஷயம்.

மாட்டும் முன் ஷாஃப்ட்டில் சீல் ஓடிய தடத்தை நகத்தால் குறுக்கே இழுங்கள். நகம் மாட்டினால் எந்தச் சீலும் நிற்காது. ஷாஃப்ட் மேல் ஏற்றுகிற 0.28 மி.மீ. கனமுள்ள மெல்லிய ஸ்லீவ் (உறை) கிடைக்கிறது, அதே சீல் அளவிலேயே வேலை முடியும். கோயமுத்தூர் கணபதி பக்கத்து லேத்துப் பட்டறைகளில் ஹார்டு குரோம் ஏற்றிக் கிரைண்டிங் பிடிக்கவும் ஏற்பாடு செய்வார்கள். வெறுமனே கடைந்து குறைப்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எமரியை ஷாஃப்ட் சுற்றுவாக்கில் மட்டும் தேயுங்கள், சாய்ந்த கோடு எண்ணெயை வெளியே இழுக்கும். பேரிங் ஆட்டத்தையும் பாருங்கள். புல்லியைச் சுற்றும் பெல்ட்டை விறைப்பாக இறுக்கி இன்புட் பேரிங் தளர்ந்திருந்தால் சீல் மேல் பழி போடுவது வீண்.

ஷாஃப்ட்டில் உள்ள கீவே (சாவிப் பள்ளம்) சீல் உதட்டைக் கிழிக்காதபடி அதன் மேல் டேப் சுற்றி, ஸ்பிரிங் எண்ணெய் பக்கம் பார்க்க, ஓரம் மட்டும் படுகிற பைப்பை வைத்துச் சமமாகத் தட்டுங்கள். கவர் ஜாயின்ட்டில் சிலிக்கானை அள்ளி அப்பினால் உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து பம்ப் எண்ணெய் உறிஞ்சும் வாயில் உள்ள சக்ஷன் ஸ்ட்ரெய்னர் சல்லடையில் போய் நிற்கும். பிளக்குகளுக்கு டெஃப்லான் டேப்பும் அதே காரணத்துக்காக ஆகாது. புது வாஷர் போடுங்கள்.

ஃபில்டரை மாற்றி, மேனுவலில் சொன்ன எண்ணெயே ஊற்றி, சப் கியரை நியூட்ரலில் போட்டு ஐடிலில் லீவரை முன்னும் பின்னும் மெதுவாக ஐந்தாறு தடவை நகர்த்துங்கள். காற்று வெளியேறி இரைச்சல் அடங்கும். நிறுத்தி, அளவு பார்த்து, குறைந்ததை ஊற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் புது சீல் சீக்கிரமே ஒழுகி, சூடானதும் வண்டி வரப்பு ஏறத் திணறினால், பம்ப் உள்ளே தேய்ந்து கேஸுக்கு எண்ணெய் அதிகம் விடுகிறது. இன்னொரு சீலுக்குப் போகாமல் பம்ப்பைப் பிரித்து வால்வு பிளேட்டில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.