அம்மாவுடன் நான்கு கப்பற் பயணங்கள்: அறைக்குள் சாப்பாடும் பட்லர் சேவையும்

2017 முதல் 2024 வரை, எங்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு நான்கு தடவைகள் உல்லாசப் பயணக் கப்பலில் சென்று வந்திருக்கிறோம். செலவு முழுவதையும் லண்டனிலுள்ள தம்பி ஏற்றான். மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து அம்மாவுடன் புறப்பட்டுப் போய், கப்பலில் அவரைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பாக இருந்தது. முதற் பயணத்தின்போதே அம்மாவுக்கு 76 வயது. முழங்கால் தேய்வினால் சக்கர நாற்காலி, பல வருடங்களாக நீரிழிவு, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக அமர்ந்து உண்ணும் மண்டபத்தின் இரைச்சலும், மேசைகளுக்கிடையே நாற்காலியைத் தள்ளிச் செல்லும் சிரமமும் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆகவே ஒவ்வொரு தடவையும், பட்லர் எனப்படும் தனிப் பணியாளர் கவனிக்கும் சூட் என்ற உயர்தர அறையையே எடுத்து, மூன்று வேளைச் சாப்பாட்டையும் அறைக்கே வரவழைத்தோம்.

சூட் அறை என்றாலே பட்லர் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியன்று. சில்வர்சீ கப்பல்களில் எல்லா அறைகளுக்கும் பட்லர் உண்டு. ரீஜென்ட் செவன் சீஸ் நிறுவனத்தில் பென்ட்ஹவுஸ் தரத்திலிருந்து மேலேதான் கிடைக்கும். கியூனார்ட் கப்பல்களில் குயின்ஸ் கிரில் சூட்களுக்குப் பட்லர் உண்டு, அதற்கு ஒரு படி கீழான பிரின்சஸ் கிரில் அறைகளுக்கு இல்லை. பெரிய கப்பல்களுக்குள் தனிப் பகுதியாக அமைந்த எம்.எஸ்.சி. யாட் கிளப், நோர்வேஜியன் ஹேவன் ஆகியவற்றில் பட்லர் சேவையும் கட்டணத்துக்குள் அடங்கும். பணம் கட்டுவதற்கு முன் நீங்கள் எடுக்கும் அறைத் தரத்தின் பெயரைச் சொல்லி, பட்லர் உண்டா என்று நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாதாரண அறைச் சேவையில் ஒரு தட்டத்தில் எல்லாவற்றையும் வைத்து, மூடிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பாசிக்குடா விடுதிகளில் அறைக்குச் சாப்பாடு சொல்லியிருப்பவர்களுக்கு அது தெரியும். பட்லர் பரிமாறும் இரவுச் சாப்பாடு அப்படியானதன்று. பிரதான உணவகத்தின் அன்றைய உணவுப் பட்டியலையே அறைக்குக் கொண்டுவந்து தருவார். சொன்ன நேரத்துக்கு வந்து மேசை விரிப்பை விரித்து, கரண்டி, கோப்பை, துடைப்பான் எல்லாம் ஒழுங்காக வைத்து, முதலில் சூப்பை மட்டும் பரிமாறுவார். அம்மா அதை ஆறுதலாகக் குடித்து முடித்த பின்னரே அடுத்தது வரும். கை நடுக்கமுள்ள ஒருவருக்கு முன்னால் ஐந்து பாத்திரங்கள் ஒரே நேரத்தில் நிற்பதற்கும், ஒரே ஒரு பாத்திரம் நிற்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை அந்த மேசையில்தான் நான் கண்டேன். வீட்டில் பாதிச் சாப்பாட்டுடன் எழும்பிவிடும் அம்மா, கப்பலில் முழுவதையும் சாப்பிட்டார். முதற் பயணத்தில் எங்களுக்கு வாய்த்த கோவாக்காரப் பட்லரை இரண்டாம் நாளே “மனே” (மகனே) என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். தமிழ் தெரியாத அந்தப் பிள்ளையும் அந்தச் சொல்லுக்கு உடனே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டது.

ஆனால் சாப்பாட்டின் சூடு என்பது அறை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் பிரதான சமையலறை கீழ்த்தளங்களில், கப்பலின் பின்பகுதியை அண்டியிருக்கும். முதற் பயணத்தில் எங்கள் அறை முன்முனைக்கு அருகில் இருந்தது. பணியாளர் மின்தூக்கியில் ஏறி, நீண்ட நடைபாதையைக் கடந்து வருவதற்குள், மூடி போட்டுக் கொண்டுவந்தாலும் சூப்பும் கறியும் வெதுவெதுப்பாகிவிடும். இரண்டாவது பயணத்தில் தளப்படத்தைப் பார்த்துப் பின்பக்கம் ஓர் அறையைத் தேர்ந்தெடுத்தோம். ஆவி பறக்கும் சூப்பை அம்மா அப்போதுதான் குடித்தார். பால்கனியின் அகலத்தையும் காட்சியையும் பார்த்து அறை எடுப்பவர்கள், அறைக்குள் சாப்பிடப் போகிறவர்களாயின், இதையும் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது பயணம் எங்களுக்கு மனவருத்தத்தைத் தந்தது. அந்தக் கப்பலில் பட்லர் ஒருவருக்கு அளவுக்கு மீறிய அறைகளைக் கொடுத்திருந்தார்கள் என்பது முதல் இரவிலேயே தெரிந்தது. 7.30 மணிக்குச் சொன்ன சாப்பாடு 8.20க்கு வந்தது, அதுவும் சூப்பிலிருந்து இனிப்பு வரை ஒன்றாக. ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்த அம்மாவுக்கு அதற்குள் இரத்தச் சீனி இறங்கி, வியர்த்துக் கை குளிரத் தொடங்கி, கைப்பையிலிருந்த சீனியைக் கொடுத்துத்தான் சமாளித்தேன். மறுநாள் பட்லர்களின் பொறுப்பாளரைச் சந்தித்து நிலைமையை விளக்கியபோது, 7.30க்கும் 8.30க்கும் இடையில்தான் எல்லா அறைகளும் உணவு கேட்கின்றன என்றார். நாங்கள் 6.30க்கு மாற்றிக்கொண்டோம், தாமதம் நின்றது. ஆயினும் ஒவ்வொன்றாகப் பரிமாறும் முறை அந்தப் பயணம் முடியும்வரை சரிவரவில்லை. அந்தக் கட்டணத்துக்கு அது ஏற்றுக்கொள்ளக் கூடியதன்று என்றே இன்றும் நினைக்கிறேன்.

இன்சுலின் போடுபவர்களுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அம்மா பாவிப்பது மிக்ஸ்டாட் என்ற இன்சுலின். அதைப் போட்டு அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். அந்த அனுபவத்துக்குப் பிறகு, சாப்பாடு மேசைக்கு வந்ததைக் கண்ணால் கண்ட பின்னரே ஊசியை எடுக்கிறேன். இன்னும் திறக்காத மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் வைத்திருக்க வேண்டும். அறையிலுள்ள குடிபானக் குளிர்ப்பெட்டிகள் பல அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. மருந்துக்கான சிறு குளிர்சாதனப் பெட்டியும், பாவித்த ஊசிகளைப் போடும் பெட்டியும் கேட்டால் தருவார்கள், ஆனால் பயணத்துக்கு முன்னரே எழுதிக் கேட்பது நல்லது. கப்பல் கிழக்கு மேற்காக ஓடும்போது கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் மாற்றுவார்கள். அந்த நாட்களில் சாப்பாட்டு நேரத்தைப் பட்லரிடம் மீண்டும் உறுதிப்படுத்த வேண்டும்.

எங்கள் சாப்பாடு கிடைக்குமா என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். நாங்கள் சென்ற நான்கு கப்பல்களிலும் சமையலறையில் இந்தியச் சமையற்காரர்கள் இருந்தார்கள். முதல் நாள் மாலையே சொல்லிவைத்தால் மறுநாள் குழைந்த சோறு, பருப்பு, காரம் குறைந்த மரக்கறி என்று செய்து அனுப்பினார்கள். அம்மாவின் வெள்ளிக்கிழமை விரதத்தை ஒருவர்கூட மறக்கவில்லை. இடியப்பமும் சொதியும் கிடைக்காது; அதை எதிர்பார்த்துப் போகக் கூடாது. வீட்டிலிருந்து கொண்டுபோன மாசிச் சம்பலைச் சூடாக்கித் தரும்படி ஒருமுறை கேட்டேன். பட்லர் மிகுந்த பணிவுடன் மறுத்துவிட்டார். அப்போது மனம் நொந்தாலும் காரணம் பின்னர் விளங்கியது. அமெரிக்கத் துறைமுகங்களுக்குச் செல்லும் பயணிகள் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 1975 முதல் சுகாதாரப் பரிசோதனைக்கு உட்படுத்தி வருகிறது. 100 புள்ளிகளில் 86ஐ எட்டாத கப்பல் சித்தியடையாது. சூடான உணவு 57 பாகைக்குக் குறையாமலும், குளிர் உணவு 5 பாகைக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. அப்படிக் கணக்குப் பார்க்கும் சமையலறைக்குள், யார் எப்போது சமைத்தது என்று தெரியாத பொருள் எதையும் விட மாட்டார்கள். மூடி முத்திரையிட்ட பொடிப் பக்கற்றுகளைக் கொண்டுபோய் மேசையில் வைத்துச் சாப்பிடுவதற்கு எவரும் தடை சொல்லவில்லை.

பெட்டியைத் திறந்து உடுப்புகளை அடுக்குவது, சப்பாத்துத் துடைப்பது, பின்னேரம் சிற்றுண்டித் தட்டு கொண்டுவருவது போன்ற மற்ற வேலைகளை நாங்கள் அதிகம் கேட்கவில்லை. அம்மாவின் சேலைகளை வேறொருவர் எடுத்து அடுக்குவதை அவர் விரும்பவில்லை. சேலை அழுத்தித் தருவது மட்டும் உதவியாக இருந்தது, ஏனெனில் தீ ஆபத்துக் காரணமாக அறைக்குள் மின்னழுத்தி வைத்திருக்க விடமாட்டார்கள். இவற்றுக்காக மட்டும் ஒருவர் பட்லர் உள்ள அறையை எடுப்பாராயின், அந்தக் காசைக் கரையில் செலவிடலாம் என்பேன்.

அன்பளிப்புப் பணம் சில்வர்சீ, ரீஜென்ட் போன்றவற்றில் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வேறு நிறுவனங்களில் நாளாந்தச் சேவைக் கட்டணம் தனியாக வரும், பட்லருக்குக் கையில் கொடுப்பதும் வழக்கம். நாங்கள் கடைசி இரவு உறையில் வைத்துக் கொடுத்தோம்.

கடைசிக் காலையைப் பற்றி முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். அறையை நேரத்துக்கே விட வேண்டியிருப்பதால், அன்று அறைக்கு உணவு கொண்டுவருவதைப் பல கப்பல்களில் குறைத்துவிடுவார்கள். நான்காவது பயணத்தில் அம்மாவின் ஊசி நேரத்தைச் சொல்லி, முந்தைய இரவே கேட்டுக்கொண்டேன். காலை 6 மணிக்குப் பட்லர் அரிசிக் கஞ்சியும் அவித்த முட்டையும் கொண்டுவந்தார். பெட்டிகள் எல்லாம் வெளியே போய்விட்ட அந்த அறையில் வழமைபோல் மேசை விரிப்பை விரித்து, கஞ்சிக் கோப்பையை அம்மாவின் வலக்கைப் பக்கம் வைத்துவிட்டு, அவர் கரண்டியை எடுக்கும்வரை நின்றார்.