மூட்டு மாற்றிய பிறகு: நடையா, சைக்கிளா, நீச்சலா?

முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்ட பலருக்கு ஆறு மாதத்தில் வலி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆனால் அடிகளை எண்ணும் கருவியைக் கட்டிப் பார்த்த ஆய்வுகளில், அவர்கள் ஒரு நாளில் நடக்கும் அளவு பெரிதாகக் கூடவில்லை. வலிக்குப் பயந்து உட்கார்ந்தே கழித்த பழக்கம் அறுவை சிகிச்சையோடு போய்விடுவதில்லை. என் அம்மாவிடமும் இதையே பார்த்தேன். அதனால்தான் எந்தப் பயிற்சி எதைத் தரும் என்று அலசத் தோன்றியது.

நடைக்குக் கருவி வேண்டாம், அறுவை முடிந்த மறுநாளே வாக்கரோடு தொடங்கிவிடலாம். உடல் எடையைத் தாங்கவும் தடுமாறாமல் நிற்கவும் பழக்குவது இதுதான். குறை வேறிடத்தில் இருக்கிறது. சமதரையில் நடக்க முழங்கால் ஏறக்குறைய 70 டிகிரி மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழ 90 டிகிரிக்கு மேல் வேண்டும். முதல் மாதத்தில் முன்தொடைத் தசையின் வலு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். நடக்கும்போது மற்றக் கால் அந்தச் சுமையை வாங்கிக்கொள்வதால் பலவீனம் வெளியே தெரியாது. நடையை மட்டுமே நம்பியவர்கள் கைப்பிடியை அழுத்தித்தான் எழுகிறார்கள்.

அந்த இடத்தைச் சைக்கிள் நிரப்புகிறது. வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளைச் சொல்கிறேன். நடக்கும்போது மூட்டில் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு சுமை விழும். மெதுவாக மிதிக்கும்போது ஏறத்தாழ ஒரு மடங்குதான். ஆனால் பெடல் முழு வட்டம் சுற்ற நூறு டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும். முதல் நாட்களில் அம்மாவின் கால் மேலே வரும், அங்கேயே நின்றுவிடும். சீட்டை உயர்த்தி, பெடலை முன்னும் பின்னுமாக அரைவட்டம் ஆட்டச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். ஒரு காலையில் பின்பக்கமாக மிதித்தபோது வட்டம் முழுதாகச் சுற்றிவிட்டது. முன்பக்கச் சுற்று அதற்குச் சில நாள் கழித்துத்தான் கைகூடியது.

நீச்சலுக்குப் புண் முழுதாக ஆறி, மருத்துவர் அனுமதிக்க வேண்டும். மார்பளவு நீரில் நடப்பது, மற்ற முழங்காலிலும் வலி இருப்பவர்களுக்குப் பெரிய வரம். தவளைபோல் கால்களை விரித்து உதைக்கும் நீச்சல் மட்டும் மூட்டை முறுக்கும், அதை விட்டுவிடலாம்.

என் தேர்வு இது: முதல் மூன்று மாதம் சைக்கிள், கூடவே குறுகிய நடைகள். பிறகு நடையே முதன்மை. வாரம் 150 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. நடந்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். பத்தில் எட்டு மூட்டுகள் 25 ஆண்டுகள் தாங்குகின்றன. ஓட்டமும் குதிப்பும்தான் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தட்டுக்கு ஆகாதவை.

அளவைத் தீர்மானிக்க மறுநாள் காலை முழங்காலைப் பாருங்கள். வீக்கமும் வலியும் முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் பயிற்சியைக் குறையுங்கள். கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ, மூச்சுத்திணறலோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.